மடியில் வைத்து வாசிக்க எந்த ‘அ, ஆ’ புத்தகம்?

குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நேரத்துக்கென்று மூன்று வயது மகளுக்கு வாங்கியதில் மூன்று வகை ‘அ, ஆ’ புத்தகங்கள் வீட்டில் சேர்ந்துவிட்டன.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு படம். எழுத்தை அடையாளம் காட்ட இது போதும். வாசித்துக் காட்டத்தான் போதாது. பன்னிரண்டு உயிரெழுத்தும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் நாமே கதை கட்ட வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குத் தினமும் அது முடியாது.

நான் வாங்கச் சொல்வது இரண்டாவது வகையை. எழுத்துக்கு ஒரு வரி, வரிகளெல்லாம் சேர்ந்தால் ஒரு சின்னக் கதை. கடையிலேயே நாலு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். அந்த எழுத்து ஒரே வரியில் இரண்டு மூன்று முறையாவது காதில் விழ வேண்டும். “எலி எட்டிப் பார்த்தது, எருமை எழுந்தது” என்பது போல வந்தால், சொல்லிக்கொடுக்காமலே ‘எ’ பதிந்துவிடும். மெய்யெழுத்துக்கு வரும்போது இது இன்னும் முக்கியம். ண, ழ, ள, ற, ன எதுவும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ஒற்றைச் சொல் புத்தகம் ஒரு பழத்தை வரைந்து ‘ழ’வை முடித்துவிடும். “மழையில் நனைந்த வாழைப்பழம்” என்று ஒரு வரி இருந்தால் குழந்தை அதை மூன்று முறை கேட்கிறது, கூடவே சொல்லியும் பார்க்கிறது.

வரியில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் இருப்பதில் எருமையின் கொம்பு மேல் ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். மகள் அதன் மேல் விரலை வைத்து, “காட்டெருமை முட்டாதா?” என்பாள். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்வதைப் பார்த்து வளர்கிற பிள்ளை. அந்தப் பக்கத்தை அவ்வளவு சீக்கிரம் புரட்ட விடமாட்டாள்.

மூன்றாவது, படம் போட்ட ஆத்திசூடி. ஓசையில் இதை மிஞ்ச முடியாது. “ஙப் போல் வளை” என்று ‘ங’வுக்கும், “இடம்பட வீடு எடேல்” என்று ‘ட’வுக்கும் ஔவையார் வழி கண்டிருப்பதைப் படிக்கப் படிக்க வியப்புதான். ஆனால் “இயல்வது கரவேல்” என்பதற்கு என்ன படம் போட்டாலும் மூன்று வயதுக்கு எட்டாது. விளக்க ஆரம்பித்தால் வாசிப்பு நின்றுவிடும். ஐந்து வயதுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் இன்னும் அந்த வயது வரவில்லை.

கிழியாது என்பதற்காக அட்டைப் புத்தகம் வாங்குகிறவர்கள் மலை ஈரத்தையும் யோசியுங்கள். ஓரம் நனைந்தால் அட்டை ஊதிப் பிரிந்துவிடுகிறது. தாள் புத்தகம் நனைந்தால், பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி, மேலே கனமாக எதையாவது வைத்தால் ஓரளவு தேறிவிடும். பூஞ்சணம் இரண்டையும் விடாது. சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். ஒன்றரை வயதுக்குள், கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கும் குழந்தை என்றால் மட்டும் அட்டையே வாங்கலாம்.