அல்பியன் கியர் பாக்ஸுக்கு என்ன ஊற்றுவது? 1981 புல்லட்டில் என் அனுபவம்

2011இல் மதுரையில் வாங்கிய வண்டி இது. 1981 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயன் எஞ்சின், வலது காலில் கியர், அல்பியன் நாலு கியர் பாக்ஸ். வாங்கிய வாரமே கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார், எனக்கும் அது நல்ல அறிகுறியாகவே பட்டது. அப்படியே மூடிவிட்டு ஓட்ட ஆரம்பித்தேன்.

இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. 2013இல் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது இரண்டாவது கியரில் ஒரு கீச்சுக் குரல் கேட்டது. மூன்றாவதிலும் கேட்டது. டாப் போட்டால் சத்தமே இல்லை. ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தோம். பற்களெல்லாம் நன்றாக இருந்தன. மெயின் ஷாஃப்ட்டைக் குழாய் போலச் சூழ்ந்திருக்கும் ஸ்லீவ் கியருக்குள், உரசலைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் மட்டும் காய்ந்து, கீறல் விழுந்து, ஷாஃப்ட்டில் ஆட்டம் கொடுத்தது.

டாப்பில் ஏன் சத்தம் இல்லை என்று யோசித்தால் காரணம் விளங்கும். டாப் கியரில் மெயின் ஷாஃப்ட்டும் ஸ்லீவ் கியரும் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே சுற்றும். புஷ்ஷுக்கு உரசலே இல்லை. மற்ற மூன்று கியர்களிலும் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், உரசல் முழுவதும் அந்தப் புஷ் மேல்தான். சிக்னலில் கிளட்சை விட்டு நியூட்ரலில் நிற்கும்போதும் ஷாஃப்ட் சுற்றும், ஸ்லீவ் கியர் சும்மா நிற்கும். மலை ஏற்றமும் ஊருக்குள் ஊர்ந்து போவதும்தான் புஷ்ஷுக்கு அதிக வேலை. அங்கே போய்ச் சேராத கிரீஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை. கெட்டிக் கிரீஸைப் பற்கள் ஓரமாக வழித்துத் தள்ளிவிட்டு, நடுவில் வாய்க்கால் வெட்டியது போல வெறும் இடத்தில் சுற்றுகின்றன. தள்ளப்பட்டது திரும்பி வழிந்து வருவதில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன்.

புது புஷ் போட்டு, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். கியர் விழுவது அவ்வளவு சுகமாக இருந்தது. ஆனால் பத்தே நாளில் பின் சக்கர ரிம்மில் இடது பக்கம் ஆயில், வலது பக்கம் கிக்கருக்குக் கீழே ஆயில், வீட்டு வாசலில் ஒரு வட்டம். கெட்டியாக இருக்கட்டும் என்று 140 ஊற்றினேன். ஒழுகல் மெதுவானது, நிற்கவில்லை. ஆயில் ஊற்றுவதென்றால் டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-5இல் அழுத்தம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தகக் கலவை அதிகம், சூடு ஏறினால் அது வெண்கலத்தை அரிக்கக்கூடும். இந்தப் பெட்டியில் வெண்கலம்தான் உயிர்நாடி.

பர்மிங்காமின் அல்பியன் கம்பெனி வடிவமைத்த பெட்டி இது. 1955இல் அன்றைய மெட்ராஸில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது கூடவே வந்தது. மெல்லிய ஆயிலை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு இதில் இல்லை. ஷாஃப்ட்டுக்கும் ஸ்லீவ் கியர் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள இடுக்கை எந்த சீலும் அடைக்காது, ஆயில் அந்த வழியாகவே நடந்து வெளியே வரும். அதனால் எதை ஊற்றுவது, எங்கே அடைப்பது என்ற இரண்டையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். இது எனக்குப் புரிய 2016 ஆகிவிட்டது.

அந்த வருடம் 00 நம்பர் லித்தியம் கிரீஸுக்கு மாறினேன், கிரீஸில் நம்பர் குறையக் குறைய இளக்கம் கூடும். தோசை மாவுப் பதத்தில் இருக்கும். சாய்த்தால் மெதுவாக வழியும், பற்கள் தள்ளினாலும் திரும்பி வந்து சேரும். மூன்று பங்கு கிரீஸுக்கு ஒரு பங்கு ஜிஎல்-4 90 ஆயில் கலக்கிறேன். கிரீஸும் ஆயிலும் கலப்பது பழைய புல்லட் மெக்கானிக்குகளின் வழக்கம்தான், நான் மாற்றியது கிரீஸின் நம்பரை மட்டும். முன்பு இருந்த கிரீஸைச் சுத்தமாகக் கழுவாமல் இதை ஊற்ற வேண்டாம். வேறு வேறு வகைக் கிரீஸ்கள் கலந்தால் சில சமயம் தண்ணீராக இளகிவிடும்.

அடைப்பு வேலைக்கு முன், ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பெட்டியைப் பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். ஈரம் தொடங்கும் இடம் பவுடரில் கோடாகத் தெரிந்தது. செயின் பக்கம் இருந்த ஆயில் சீலை மாற்றினோம். ஸ்பிராக்கெட்டின் உள்பற்களிலும் மெல்லிசாக ஒழுகல் அடைக்கும் பேஸ்ட் தடவி ஏற்றினோம், அந்தப் பல் இடுக்கிலும் ஆயில் வரும்.

வலது மூடியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். முன்பு யாரோ ஸ்குரூக்களை வெறியோடு முறுக்கி மூடியையே வளைத்திருந்தார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வாட்டர் பேப்பர் விரித்து, மூடியை எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தேன். முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பிறகு பேப்பர் பேக்கிங், இரு பக்கமும் மெல்லிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு), எதிரெதிர் ஸ்குரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கும் வேலையை இந்தப் பெட்டியில் யாரும் செய்யாதீர்கள். உள்ளே பிதுங்கியது நூலாகப் பிய்ந்து கிரீஸில் மிதந்து பேரிங்குக்குள் போகும். ஷெல்லாக் என்றால் அடுத்த முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம்.

அதற்குப் பிறகு 22,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, அதில் நாலு முறை கொடைக்கானல். 2022இல் சந்தேகத்தில் திறந்து பார்த்தேன். புஷ்ஷில் எண்ணெய்ப் படலம் பளபளவென்று இருந்தது, ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கலவையை மாற்றுகிறேன். குறை என்றால், மலையில் குளிர்ந்த காலை நேரத்தில் முதல் இரண்டு கிக் கனமாக இருக்கும், கியரும் சூடாகும்வரை சோம்பலாகத்தான் விழும். மதுரை வெயிலில் அது தெரியவே தெரியாது.

ரிம் இப்போது காய்ந்திருக்கிறது. கிக்கர் ஷாஃப்ட் பக்கம் மட்டும் லேசான ஈரம் உண்டு. ஓ-ரிங் மாற்றியும் நிற்கவில்லை, மூடியில் அந்த ஷாஃப்ட் சுற்றும் ஓட்டையே முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது. அடுத்து திறக்கும்போது லேத்தில் கொடுத்து அங்கே புஷ் அடிக்க வேண்டும். அதுவரை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு அளவு பார்த்துக்கொள்கிறேன்.