நெல்லை வாங்குவதா, விலைக் குறைவை ஈடுகட்டுவதா, ஏக்கருக்குப் பணம் போடுவதா?

ஐப்பசி பிறந்தால் டெல்டாவில் தவறாமல் பார்க்கிற காட்சி இது. தார்ச்சாலையின் ஒரு பாதியில் குறுவை நெல் காயும், மறுபாதியில் பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போகும். கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய அம்பாரங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நெல்லைக் கிளறிவிடுவார்கள். மழை முந்திக்கொண்டால், 'ஈரப்பத வரம்பைத் தளர்த்துங்கள்' என்று டெல்லிக்குக் கடிதம் போகும், அங்கிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டுப் போகும்.

இவ்வளவு பாடுபட்டு அரசே நெல்லை வாங்கத்தான் வேண்டுமா, பேசாமல் விவசாயியின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விடையைக் கற்பனையில் தேட வேண்டியதில்லை, மூன்று வழிகளையும் இந்தியாவிலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

முதலில் நம் வழி. மத்திய அரசு 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369, சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய் என்று ஆதரவு விலை வைத்தது. தமிழக அரசு தன் பங்கையும் சேர்த்து 2,500, 2,545 என்று கொடுத்தது. நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கும் நெல் அரைபட்டு ரேஷன் கடைக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் நிறைய: சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, வாங்கிய சிப்பங்கள் நிலையத்திலேயே நனைகின்றன, மூட்டைக்கு இவ்வளவு என்று கறக்கிறார்கள். இந்தப் புகார்கள் வருடம் தவறாமல் வருகின்றன. நாடு முழுக்கப் பார்த்தால் ஆதரவு விலைக்கு அரசு அமைப்பிடம் விற்க முடிந்த விவசாயிகள் 6 சதவீதம்தான் என்று மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015இல் சொன்னது.

அந்த 6 சதவீதத்தை வைத்தே திட்டம் தோல்வி என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரில் ஒரு கொள்முதல் நிலையம் திறந்திருந்தாலே, களத்துக்கு வரும் வியாபாரி அந்த விலையை மனதில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். நிலையத்துப் படியே ஏறாத விவசாயிக்கும் அதில் பலன் உண்டு. இந்தப் பலன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

இரண்டாவது வழி மத்தியப் பிரதேசத்தின் பவாந்தர். 2017 ஜூனில் மந்த்சௌரில் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் சோயா, உளுந்து உட்பட 8 பயிர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு எதையும் வாங்காது. விவசாயி மண்டியில் விற்க, சந்தைச் சராசரி, விற்ற விலை இரண்டில் எது கூடுதலோ அதற்கும் ஆதரவு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கணக்கில் போடும். ஆதரவு விலை 5,000, சராசரி 4,200 என்று வைத்துக்கொள்வோம். ஈடு அதிகபட்சம் 800. நீங்கள் 4,400க்கு விற்றிருந்தால் ஈடு 600, கைக்கு 5,000. என் சரக்கு 3,900க்குத்தான் போனது என்றால் எனக்கு 4,700. குடோன் வேண்டாம், சாக்கு வேண்டாம், புழுத்துப்போகும் கவலையும் இல்லை. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது.

மண்டிக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. மிச்சத்தை அரசு தரப்போகிறது என்பது வியாபாரிக்கும் தெரியுமே! அவர் ஏன் விலையைக் கூட்டிக் கேட்கப்போகிறார்? போதாக்குறைக்கு, குறிப்பிட்ட தேதிகளுக்குள் விற்றால்தான் ஈடு என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்கைக் கொண்டுவந்து கொட்ட, விலை இன்னும் சரிந்தது. பதிவு செய்யாத விவசாயிக்கு அந்தச் சரிவு மட்டும் மிஞ்சியது. திட்டம் கைவிடப்பட்டு, 2025இல் சோயாவுக்கு மட்டும் திரும்ப வந்தது.

மூன்றாவது, ஏக்கர் கணக்கில் நேரடிப் பணம். 2018 மே மாதம் தெலங்கானா தொடங்கிய ரைத்து பந்துவில் பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000, பிறகு 5,000. இதில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல, நேரம். விதை, உரம் வாங்கும் சமயத்துக்கென்று தரும் பணம் இது. மற்ற இரண்டும் அறுத்து விற்ற பிறகுதான் வரும். பருவம் பொய்த்துக் கருகிப்போன ராமநாதபுரத்து மானாவாரிக் காட்டுக்காரருக்குக் குவிண்டாலுக்கு எத்தனை ஆயிரம் அறிவித்தாலும் விற்க நெல் ஏது?

ஆனால் அந்தப் பணம் பட்டாவைத் தேடிப் போனது. உச்சவரம்பும் வைக்கவில்லை. ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு 50 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம், உழுதவருக்கு ஒன்றுமில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தது. சிறு, குறு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10,000 என்று வைத்து, குத்தகைதாரரையும் நிலமற்றவரையும் உள்ளே கொண்டுவந்தது. மத்திய அரசின் நேரடிப் பணத் திட்டமான பி.எம். கிசான் 2019இல் தொடங்கியபோதும் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2025இலும் 6,000 ரூபாய். 2020இல் தமிழ்நாட்டிலேயே விவசாயி அல்லாத லட்சக்கணக்கானோர் அதில் நுழைந்ததும், விசாரணை, பணத்தைத் திரும்பப் பிடித்தது என்று அலைந்ததும் நினைவிருக்கும்.

அந்த 6,000 எவ்வளவு பெறும்? ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 60 வருகிறது என்று வையுங்கள். 24 குவிண்டால். சந்தையில் குவிண்டாலுக்கு 250 ரூபாய் இறங்கினால் ஒரு ஏக்கரிலேயே 6,000 போய்விடும். மூன்று ஏக்கர்காரருக்கு இழப்பு 18,000, வருகிற உதவியோ அதே 6,000.

அதனால் டெல்டா நெல்லுக்குக் கொள்முதல்தான் என்பது என் கட்சி. மூன்றிலும் விலை இறங்காமல் தாங்கிப்பிடிப்பது அது ஒன்றுதான், ரேஷன் அரிசிக்கும் அதுவே ஊற்று. உலர்த்தும் இயந்திரத்துக்கும் லாரிக்கும் செலவழித்துச் சரிசெய்ய வேண்டிய ஏற்பாடு, மூட வேண்டியதல்ல. அரசு பெரிய அளவில் வாங்காத கடலை, சின்ன வெங்காயம் போன்றவற்றுக்குப் பவாந்தர் மாதிரியைச் சோதிக்கலாம், ஆனால் தேதி நெருக்கடி இருக்கக் கூடாது. நேரடிப் பணத்தை மானாவாரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றிலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் பதிய ஆதாரோடு, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், யார் என்ன பயிரிட்டார் என்று காட்டும் அடங்கலும் கேட்பார்கள். குத்தகை வாய்ப்பேச்சாக இருக்கும். குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, அடங்கலில் இன்னொருவர் பெயர் ஏற நிலக்காரர் சம்மதிக்க மாட்டார். நெல் அவர் பெயரில் பதிவாகும், பணம் அவர் கணக்கில் விழும். நட்டு அறுத்தவர் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "ஐயா, பணம் ஏறிருச்சுங்களா?" என்று கேட்க வேண்டும்.