‘தி கேரட் சீட்’: சுவரில் விழுந்த பதின்மூன்று கோடுகள்

என் மகனுக்கு நாலு வயது. தோசைக்கல் காய்வதற்குள் தட்டைத் தட்டத் தொடங்கிவிடுவான். பொறுமையைப் பற்றிய படப்புத்தகங்கள் என்று தேடி நாலைந்து வாங்கினேன். பெரும்பாலானவற்றில் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய மிருகம் வந்து குட்டி மிருகத்துக்குப் புத்தி சொல்லும். அந்தப் பக்கம் வரும்போதே அவன் மடியைவிட்டு இறங்கிவிடுவான். திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றை மட்டும்தான். ரூத் கிரவுஸ் எழுதி, அவருடைய கணவர் கிராக்கெட் ஜான்சன் படம் வரைந்த ‘தி கேரட் சீட்’. 1945இல் அமெரிக்காவில் வந்த புத்தகம்.

கதை இவ்வளவுதான். ஒரு பொடியன் கேரட் விதை ஒன்றை ஊன்றுகிறான். முளைக்காது போலிருக்கே என்கிறாள் அம்மா. அப்பாவும் அதையே சொல்கிறார். அண்ணன் அந்தப் ‘போலிருக்கே’கூட இல்லாமல் முளைக்காது என்று முடித்துவிடுகிறான். பையன் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. தினமும் களை பிடுங்குகிறான், தண்ணீர் தெளிக்கிறான். ஒன்றும் வரவில்லை. பக்கத்தைப் புரட்டினாலும் ஒன்றும் வரவில்லை.

அந்த ஒன்றும் வராத பக்கங்களுக்காகவே இதை வாங்கலாம். தமிழில் சொல்லிச் சொல்லித்தான் படித்துக் காட்டினேன். முதல் நாள் அவன் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி முடிவுக்கு ஓடினான், நான் தடுக்கவில்லை. ஒரு வாரத்தில் அவனே பக்கத்தின்மேல் கை வைத்து, “இரு, இன்னும் வரல” என்று என்னை நிறுத்தினான். காத்திரு என்று நாம் சொல்லும்போது பிள்ளையின் கைக்கு வேலை இருப்பதில்லை. இந்தப் பையனுக்குக் களை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. என் மகன் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

ஒருநாள், “அந்த அம்மா ஏன் வராதுன்னு சொன்னாங்க?” என்று கேட்டான். அன்று காலையில்தான் அவன் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தபோது, “உனக்கு வராது, கொடு” என்று நான் வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது அவன் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

குறையும் உண்டு. கடைசியில் வரும் கேரட் தள்ளுவண்டியில் ஏற்றும் அளவுக்குப் பெரியது, திடீரென்று வந்து நிற்கும். கேரட் மண்ணுக்கு அடியில் விளையும் என்பது, ஊட்டி கேரட்டைக் கடையில் மட்டுமே பார்த்த பாளையங்கோட்டைப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் நாங்கள் விதைத்தே பார்த்தோம். என் அம்மா, அதாவது அவனுடைய ஆச்சி, முதலில் வெந்தயம் போடச் சொன்னாள். மூன்றே நாளில் முளைத்தது, அதற்குள்ளேயே இரண்டு தடவை தோண்டிப் பார்த்துவிட்டான். அப்புறம் கார்த்திகைக் கடைசியில் மாடித் தொட்டியில் கேரட் விதை. மண் காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடினோம். தினமும் காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்து, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். பதின்மூன்றாவது கோட்டன்று நூல்மாதிரி பச்சை தெரிந்தது. மாசியில் பிடுங்கினால் சுண்டுவிரல் அளவில் மூன்று கேரட். ஆச்சிக்கு ஒன்று கொடுத்தான்.

மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை சரியாக இருக்கும். ஏழு வயதான என் அக்கா மகள் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டு வேறு கேட்டாள். பக்கத்துக்கு ஒரு வரிதான் என்பதால் ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டாம். மஞ்சளும் பழுப்புமான படங்கள் முதல் பார்வையில் மங்கலாகத் தெரியலாம், ஆனால் இலை பச்சையாக மேலே வரும் பக்கத்தில் பிள்ளையின் கண் அங்கேதான் நிற்கும். கெட்டி அட்டைப் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஈரக் கையோடு புரட்டுவார்கள். பக்கக் கணக்கைப் பார்த்தால் விலை கூடுதல்தான். எங்கள் வீட்டில் அறுபது தடவைக்கு மேல் படித்தாயிற்று.

இப்போது எதிர்வீட்டுப் பாப்பா வாங்கிப் போயிருக்கிறாள். எப்போது திரும்பி வரும் என்று அவன் கேட்கவில்லை. சுவரில் புதிதாக நாலு கோடு விழுந்திருக்கிறது.