முன் கண்ணாடியில் கல் அடித்தால்: ரெசினா, புதுக் கண்ணாடியா?

செங்கல்பட்டுப் பக்கம் ஜல்லி ஏற்றிப்போன டிப்பர் லாரியின் உபயத்தில், எங்கள் காரின் முன் கண்ணாடியில் ஐந்து ரூபாய்க் காசைவிடச் சிறிதாக ஒரு நட்சத்திரம் விழுந்தது. கண்ணாடியையே மாற்றிவிடலாம் என்றார்கள் வீட்டில். நான் ரெசின் போட்டேன், அதாவது விரிசலுக்குள் ஏற்றி இறுக வைக்கும் பிசின் திரவம். இன்னொரு முறை அடித்தாலும் அதையேதான் செய்வேன்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவில் பிவிபி என்னும் பிளாஸ்டிக் படலம். கல்லடி பெரும்பாலும் வெளித்தகட்டோடு நின்றுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இழுவை முழுக்க விரிசலின் முனையில் போய்க் குவியும். மே மாத வெயிலில் காய்ந்த காரின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், வெளிப்பக்கம் சட்டெனச் சுருங்கி விரிசல் ஓட ஆரம்பித்துவிடும். ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிக்குத் திருப்புவதும், பள்ளத்தில் இறங்கி பாடி முறுக்கிக்கொள்வதும் அதே வேலையைச் செய்யும். அதனால் அடிபட்டதும் அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது.

ரெசின் போட்டதைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். புள்ளியின்மேல் ஒரு சிறு கருவியை ரப்பர் கப்பால் பொருத்தி, முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினார் மெக்கானிக். பிறகு ரெசினை அழுத்தி ஏற்றினார். நட்சத்திரத்தின் கால்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைத்து, மேலே துருத்தியதை பிளேடால் சுரண்டினார். “நிக்கும் சார். ஆனா தழும்பு தெரியும், அத மட்டும் கேக்காதீங்க” என்றார். தெரியத்தான் செய்கிறது, எதிர்வெயிலில் ஒரு பொட்டு மாதிரி. கோடையில் ஓடாமல் நின்றது. வருடக்கணக்கில் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் போதாது.

செலவில் ரெசின்தான் மலிவு, அதைச் சொல்லவே வேண்டாம். ‘இன்சூரன்ஸ்ல போட்டா கண்ணாடி சும்மா வருமே’ என்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். அதைவிட, வருடா வருடம் ஏறி 50 சதவீதம் வரை போகும் என்சிபி தள்ளுபடி (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைப்பது) ஒரே கிளெய்மில் போய்விடலாம். சில பாலிசிகளில் அதற்கு விலக்கு உண்டு, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகும் பழைய கண்ணாடியோடு போய்விடும், புதிது வாங்க வேண்டும்.

இதெல்லாம் இருந்தாலும் என்னை ரெசின் பக்கம் தள்ளியது வேறொன்று: கம்பெனி சீல், அதாவது தயாரிப்பிலேயே போட்ட ஒட்டு. முன் கண்ணாடி ரப்பரில் செருகி வைத்ததல்ல, யூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டியது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது முட்டிக்கொள்வது இந்தக் கண்ணாடியில்தான். மாற்றுவதென்றால் அந்தப் பசையைச் சுற்றிலும் அறுக்க வேண்டும். அறுக்கும்போது கத்தி வழுக்கி பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்து, அதற்கு பிரைமர் அடிக்காமல் ஒட்டிவிட்டால், பீடிங் என்னும் ஓரப் பட்டைக்கு அடியில் துரு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் காலடி மேட் ஈரமாகும்போதுதான் தெரியும், அதற்குள் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரிங்கிலும் இறங்கியிருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. நிதானமாக வேலை செய்கிறவர் கையில் இது எதுவும் நடக்காது. ஆனால் அந்த நிதானத்தை வேலை முடிந்தபின் நாம் சோதித்துப் பார்க்க வழியில்லை.

விற்கும்போதும் இது தொடரும். பழைய கார் வாங்குபவர்கள் கண்ணாடி மூலையிலுள்ள தயாரிப்புக் குறியை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முன்னால் மட்டும் வேறாக இருந்தால் ‘வண்டி அடிபட்டதா?’ என்ற கேள்வி வரும்.

மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, ஒரு சாணுக்கு நீண்டுவிட்டாலோ, உள்தகடும் உடைந்திருந்தாலோ, டிரைவரின் நேர்பார்வையில் இருந்தாலோ ரெசின் வேண்டாம். இரவில் எதிரே வரும் ஹெட்லைட் அந்தத் தழும்பில் சிதறும். அப்படி மாற்றினால், அறுத்த இடத்தில் பிரைமர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காராக இருந்தால் அதன் பார்வை சரியாக இருக்கும்படி மறுபடி காலிபரேட் செய்யச் சொல்லுங்கள். பசை இறுகும்வரை வண்டியை எடுக்காதீர்கள், ஓரிரு நாளைக்குப் பிரஷர் வாஷும் வேண்டாம். கதவைச் சாத்தும்போது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால், உள்ளே அடைபடும் காற்று புது ஒட்டைத் தள்ளாது.