ஐந்து வாரம் காத்திருந்து வாங்கிய கைத்தையல் குறிப்பேடு

கையால் தைத்துக் கட்டப்படும் குறிப்பேடு ஒன்றுக்குச் சொல்லிவைத்தபோது, கைக்கு வர ஐந்து வாரம் ஆகும் என்று பைண்டர் பதில் அனுப்பினார். கேட்ட பொருள் மறுநாளே வாசலுக்கு வந்துவிடும் பழக்கத்தில் ஊறிப்போன எனக்கு, எதுவும் அச்சிடாத 192 பக்கங்களைக் கட்டித்தர ஐந்து வாரம் எதற்கு என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. எட்டு மாதமாக நாள் தவறாமல் அதில் எழுதியபின், அந்த எரிச்சலில் பாதி நியாயம், பாதி அறியாமை என்று சொல்வேன்.

முதலில் பொருளைப் பற்றி. அளவு ஏ5, அதாவது 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். தாள் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ளது. ஊற்றுப்பேனா மை மறுபக்கம் ஊறுவதில்லை. நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு பாரம். அப்படிப் பன்னிரண்டு பாரங்கள். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய லினன் நூலை உள்ளும் வெளியுமாக ஓட்டி, முதுகில் வைத்த நாடாக்களைச் சுற்றிக்கொண்டுபோய், ஓரத்தில் முந்தைய பாரத்தோடு முடிச்சிட்டு இணைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏடு மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. நாம் வழக்கமாக வாங்கும் ஏடுகள் பலவற்றில் முதுகைச் சீவிவிட்டுச் சூடான பசையில் தோய்த்து ஒட்டுகிறார்கள். அந்தப் பசை சில நொடிகளில் இறுகிவிடும். அந்த வேகத்துக்கு விலையாக, சில ஆண்டுகளில் பசை வறண்டு வெடித்துத் தாள்கள் தனித்தனியே உதிரக்கூடும்.

ஆனால் ஐந்து வாரத்துக்குக் காரணம் தையல் அல்ல. பழகிய கைக்குத் தையல் ஒரு பிற்பகல் வேலைதான். பாரங்களைத் தைக்கும் இயந்திரங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. அவை தைத்த புத்தகமும் உறுதியாகவே இருக்கிறது. ஆகவே கையால் தைத்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பல மடங்கு விலை கொடுப்பதாக இருந்தால், நான் தயங்கியிருப்பேன். நேரம் போவது வேறு இடத்தில். அட்டையின்மேல் துணியை ஒட்டும் மாவுப்பசையில் பெரும்பகுதி நீர். அந்த நீரைக் குடித்துத் துணியும் தாளும் விரிகின்றன; காயும்போது சுருங்கி, அட்டையைத் தம் பக்கம் இழுக்கின்றன. உட்புறம் தாள் ஒட்டி அந்த இழுப்பைச் சமன்செய்து, இடையிடையே ஈரம் உறிஞ்சும் தாளை மாற்றி, பாரத்தின் கீழ் நாள்கணக்கில் விட்டால்தான் அட்டை வளையாமல் நிற்கும். (இங்கே பாரம் என்றால் பளு, இந்தத் தொழிலில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது.) வெயிலிலோ விசிறிக்கு அடியிலோ வைத்து அவசரப்படுத்தினால் அட்டை அப்பளம்போல் வளைந்துவிடும். பின்னட்டையின் உட்புறத்தில் பைண்டர் பென்சிலால் இரண்டு தேதிகளைக் குறித்திருந்தார்: ஒன்று அழுத்தத்தில் வைத்த நாள், மற்றது எடுத்த நாள். இடையில் பதினொரு நாள்கள். மீதி வாரங்கள் எனக்கு முன் காத்திருந்தவர்களுடைய வேலைக்குச் சென்றவை. அதையும் கைவேலையின் மகிமை என்று நான் எழுதப்போவதில்லை, அது வெறும் வரிசை.

இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருளே கேட்கும் தாமதம் ஒன்று; விற்பவர் சேர்க்கும் தாமதம் இன்னொன்று. இதற்கு முன் வேறோர் இடத்தில் ‘பொறுமையாகச் செய்யப்பட்டது’ என்ற சீட்டோடு ஓர் ஏடு வாங்கினேன். வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால் முதுகில் பசை மட்டுமே இருந்தது. மேலே தெரிந்த நூல் அலங்காரத்துக்கு. தாளின் இழையோட்டத்தையும் பார்க்கவில்லை. இயந்திரத்தில் உருவாகும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் தாள் அந்த இழைகளுக்குக் குறுக்காகவே அதிகம் விரியும். ஆகையால் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். அந்த ஏட்டில் அது குறுக்கே ஓடியதால், முதல் மழைக்காலத்திலேயே முதுகோரம் அலையலையாகச் சுருங்கிவிட்டது. இரண்டு மாதம் காக்கவைத்தவர்கள், இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியத் தாளை ஒருமுறை வளைத்துப் பார்க்க ஒரு நிமிடம் செலவிடவில்லை.

இனி, அன்றாடப் பயன். நாள் முடிவில் அரைப் பக்கம் எழுதுகிறேன். மை காய்வதற்குள் ஏட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் கறை விழும் என்பதால், எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு மூடுவது பழக்கமாகிவிட்டது. கைப்பேசியில் குறித்த காலத்தில் எழுதியது அதிகம், திரும்பப் படித்தது அநேகமாக இல்லை. இங்கே அடித்தல் அடித்தலாகவே நிற்பதால், வாக்கியத்தை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்னரே பேனா இறங்குகிறது. அதற்காக எல்லாவற்றையும் இதில் எழுத முடியாது. தொலைபேசி எண், வாங்கவேண்டியவற்றின் பட்டியல், கூட்டத்தில் வேகமாகச் சொல்லப்படும் விவரம் ஆகியவற்றுக்குக் கைப்பேசிதான் சரி. அவற்றை இந்த ஏட்டில் எழுதத் தொடங்கியபோது அந்தக் குறிப்புகளும் கெட்டன, அன்றாட எழுத்தும் கெட்டது.

குறைகளும் உண்டு. கடைசிப் பாரத்தில் ஒரு துளை மடிப்பிலிருந்து சற்று விலகியிருப்பதால், அந்தப் பாரத்தின் தாள்கள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அட்டைத் துணியின் கருநீலம் ஈரக்கையில் ஒட்டுகிறது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். எடை கூடுதல், பயணத்துக்கு ஏற்றதல்ல. தாளில் கோடுகளும் இல்லை, என் எழுத்து பக்கத்தின் பாதியைத் தாண்டியதும் மேல்நோக்கி ஏறத் தொடங்கிவிடுகிறது.

பழுதுபார்க்க முடிவது பெரிய நிறை. மாவுப்பசை பல ஆண்டுகள் கழித்தும் நீரில் இளகும் என்பதால், அட்டையைக் கழற்றி, தையலை மாற்றி, மீண்டும் கட்டலாம். என் மூன்றாம் பாரத்தில் நூல் தளர்ந்ததாகத் தோன்றி எழுதிக்கேட்டபோது, ஏடு நிரம்பியபின் அனுப்பினால் இறுக்கித் தருவதாகப் பைண்டர் சொன்னார். இன்னும் 38 பக்கங்கள் மீதமிருக்கின்றன. அடுத்த ஏட்டுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். இம்முறை தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கருங்கோடு போட்ட தனித்தாள் ஒன்றும் கேட்டிருக்கிறேன்.