விருது நூல்களுக்குத் தனி அடுக்கா, முதுகில் ஓர் அடையாளமா?

விருது பெற்ற சிறார் நூல்களை நூலகத்தில் சிறப்பிக்க இரண்டு வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. அவற்றையெல்லாம் திரட்டி, நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் நிரந்தரமான தனி அடுக்கு அமைப்பது ஒன்று. ஒவ்வொரு நூலையும் அதற்குரிய வரிசையிலேயே வைத்து, முதுகில் விருது ஸ்டிக்கர் ஒட்டி, விருது அறிவிக்கப்படும் காலத்தில் மட்டும் சில வாரங்களுக்கு மேசையில் அட்டை தெரியக் காட்சிப்படுத்துவது மற்றொன்று. நான் பொறுப்பு வகிக்கும் சிறுவர் பகுதியில் அடுக்குகளை மாற்றியமைக்க வேண்டி வந்தபோது, நெடுங்காலமாக இருந்த தனி அடுக்கைக் கலைத்துவிட்டு இரண்டாவது வழிக்கு மாறினோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

தனி அடுக்கின் நன்மைகள் வெளிப்படையானவை. 'பிள்ளைக்கு ஏற்ற நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள்' என்று அவசரமாகக் கேட்கும் பெற்றோருக்குக் கைகாட்ட ஓர் இடம் கிடைக்கிறது. பார்வையிட வருபவர்களுக்கும் அது நிறைவாகத் தெரிகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது சொல்கிறது. அந்த அளவில் தனி அடுக்கு அவ்விதிக்கு உடன்பட்டதே.

ஆனால் கைகாட்டி அனுப்பிய பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். விருதின் பெயர் நூலின் தரத்தைச் சொல்லுமே தவிர, வாசிக்கும் பிள்ளையின் வயதைச் சொல்லாது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் நியூபெரி பதக்கம் எழுத்துக்கு உரியது, கால்டிகாட் பதக்கம் படங்களுக்கு உரியது என்பதால், முன்னது நாவல்களுக்கும் பின்னது மழலையர் படநூல்களுக்கும் போகும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். 2008 இல் கால்டிகாட் பெற்ற நூலோ 500 பக்கங்களைத் தாண்டியது. 2016 இல் நியூபெரி பெற்றது ஒரு படநூல். 2020 இல் அதே பதக்கம் முதன்முறையாக ஒரு சித்திரக்கதை நூலுக்குச் சென்றது. 1922 இல் முதல் நியூபெரியைப் பெற்ற நூல் கதையே அன்று, மனிதகுல வரலாறு. இவை அனைத்தும் ஒரே அடுக்கில் தோளோடு தோள் நிற்கும்போது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அங்கே ஒரே வழிகாட்டுதல்தான் கிடைக்கிறது. உரிய வரிசையில் நிற்கும் நூலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வரலாற்று நூல் வரலாற்று வரிசையிலும், படநூல் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டிலும் இருக்க, விருதுச் செய்தியை ஸ்டிக்கர் சுமந்துகொள்கிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தனி அடுக்கில் உள்ள நூலுக்கு இரண்டு வீடுகள். முதுகுச் சீட்டில் உள்ள வகைப்பாட்டு எண் ஓரிடத்தைச் சொல்லும். வழக்கம் வேறோர் இடத்தைச் சொல்லும். இரவல் போய்த் திரும்பி வரும் நூலை அடுக்குபவர் பழகியவராக இருந்தால் விருது அடுக்குக்கு எடுத்துச் செல்வார். புதியவரோ தன்னார்வலரோ எண்ணைப் பார்த்துப் பொது வரிசையில் செருகிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு ஒரு பிள்ளை வந்து கேட்கும்போது, நூற்பட்டியல் உள்ளே இருக்கிறது என்கிறது, அடுக்கிலோ காணவில்லை. கோஹா போன்ற நூலக மென்பொருளில் ஒவ்வொரு படிக்கும் அடுக்கிடத்தைப் பதியலாம் என்பது உண்மைதான். ஆனால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு படிக்கும், விருது பெறுவதற்கு முன்பே வாங்கியிருந்த பழைய படிக்கும், ஆண்டுதோறும் அதைத் தவறாமல் மாற்ற ஒருவர் உட்கார வேண்டும்.

தொடர் நூல்களில் இது இன்னும் மோசம். ஒரு தொடரின் மூன்றாம் பாகம் விருது பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விருது அடுக்குக்குப் போய்விட, முதலும் இரண்டும் நான்கும் கதை வரிசையில் நிற்கின்றன. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு ஓடி வரும் பிள்ளை வரிசையில் ஓர் இடைவெளியைப் பார்த்து, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று திரும்பிவிடும். பெரியவர்களைப் போலப் பிள்ளைகள் மேசைக்கு வந்து விசாரிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அடுக்கிலிருந்து எதையும் எடுக்கக் கை வருவதில்லை. நியூபெரி 1922 முதலும் கால்டிகாட் 1938 முதலும் ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டின் பதக்க நூல்களே 180 ஐத் தாண்டும். பிரிட்டனின் கார்னகி பதக்கம் 1936 இல் தோன்றியது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் தரப்படுகிறது. சிறப்புக் குறிப்பு பெற்றவற்றைச் சேர்க்காமலே அடுக்கு நிரம்பிவிடும். பொது வரிசையில் யாரும் எடுக்காத, காலம் கடந்த நூலைக் கழிக்கும்போது நூலகருக்குத் தயக்கம் இல்லை. அதே நிலையில் உள்ள விருது நூலை மட்டும், பதக்கத்தைப் பார்த்ததும் மீண்டும் தட்டில் வைத்துவிடுகிறோம். நூலகம் வளரும் உயிரி என்ற ரங்கநாதனின் ஐந்தாம் விதியை, நூல்களைச் சேர்ப்பதற்கு மட்டும் நினைவுகூர்ந்து, கழிப்பதற்கு மறந்துவிடுவது நம் தொழிலில் உள்ள பழைய பலவீனம்; தனி அடுக்கு அதற்கு வசதியான சாக்காகிவிடுகிறது. பொது வரிசைக்கு வந்த விருது நூல்கள் மற்ற நூல்களைப் போலவே இரவல் கணக்குக்கும் உள்ளடக்கத்தின் புதுமைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே நியாயம் என்று கருதுகிறேன்.

ஸ்டிக்கர் முறைக்கும் தொல்லைகள் உண்டு. பிளாஸ்டிக் உறைக்கு மேலே ஒட்டினால், பிள்ளைகள் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டியே உரித்துவிடுவார்கள். கதை விறுவிறுப்பாக இருந்தால் இன்னும் விரைவில் உரியும். எனவே உறை போடுவதற்கு முன்பே, வகைப்பாட்டு எண்ணை மறைக்காமல் அதற்கு மேலே ஒட்டிவிட வேண்டும். மெலிந்த படநூலின் முதுகில் ஸ்டிக்கருக்கு இடமே இருக்காது. முன்னட்டையின் மூலையில் ஒட்டினால் ஓவியத்தின் ஒரு பகுதி மறையும். படத்துக்காகவே விருது பெற்ற நூலில் அதைச் செய்யும்போது மனம் ஒப்புவதில்லை. விருதுக்கு ஒரு நிறம் என்று தொடங்கினால் நிறங்கள் பெருகி எதுவும் எவருக்கும் புரியாமல் போகும் என்பதால், எல்லா விருதுகளுக்கும் ஒரே நிறம் என்று வைத்திருக்கிறோம்.

குறிப்பிட்ட நூலுக்கு என்றில்லாமல் ஒருவரின் வாழ்நாள் படைப்புக்குத் தரப்படும் விருதுகளும் இருக்கின்றன. சிறார் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐபிபிஒய் 1956 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை வழங்கும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அப்படிப்பட்டது. அதற்கு எந்த நூலில் ஸ்டிக்கர் ஒட்டுவது, தனி அடுக்கில்தான் எதை வைப்பது? இந்த இடத்தில் தற்காலிகக் காட்சி மேசை கைகொடுக்கிறது. அந்தப் படைப்பாளியின் நூல்கள் அனைத்தையும் வரிசையிலிருந்து சில வாரங்களுக்கு எடுத்து வைத்து, அறிவிப்பு ஆறியதும் திருப்பிவிடலாம். மேசைக்கும் உழைப்பு தேவை. அட்டை தெரிய நிற்கும் நூலைப் பிள்ளைகள் உடனே எடுத்துக்கொண்டு போவார்கள்; காலியான தாங்கிகளை அன்றன்றே நிரப்பாவிட்டால், காட்சி இரண்டே நாளில் களையிழந்துவிடும். இறுதிப் பட்டியலுக்கு வந்து விருதைத் தவறவிட்ட நூல்களை அதற்காகவே கையிருப்பில் வைத்திருப்போம்; அவற்றில் சில, வென்ற நூலைவிடக் கூடுதலாக இரவல் போவதையும் பார்க்கிறேன்.

பிள்ளைகளே வாசித்து வாக்களிக்கும் முறையை மூன்றாவது வழியாகச் சொல்லலாம். அமெரிக்க, கனடிய வடமேற்குப் பகுதிகளில் இளம் வாசகர் தேர்வு விருது 1940 முதல் இவ்வாறு நடந்துவருகிறது. கேட்கவே உற்சாகமாக இருக்கிறது. பெரியவர்களின் நடுவர் குழு எடுக்கும் முடிவுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் முடிவையும் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒவ்வொரு போட்டி நூலுக்கும் பல படிகள் வேண்டும், பிள்ளைகள் வாசித்து முடிக்கும்வரை பின்தொடர ஆள் வேண்டும். சிறிய அளவில் தவிர நான் அதை நடத்தியதில்லை. நிதியும் ஆளும் உள்ள இடங்களில் அது இவ்விரண்டு வழிகளையும் விஞ்சக்கூடும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலோ சிறார் இலக்கிய ஆய்வுக்கான தொகுப்பிலோ எனது வாதம் பெரும்பாலும் செல்லாது. அங்கே நூல்கள் அதிகம் வெளியே போவதில்லை, கழிப்பதும் நோக்கமில்லை, 1922 இன் நூலையும் சென்ற ஆண்டின் நூலையும் அருகருகே புரட்டிப் பார்ப்பதே படிப்பு. அத்தகைய இடத்தில் பணியாற்றியதில்லை என்றாலும், பொறுப்பு என்னிடம் வந்தால் தனி அடுக்கைத்தான் கேட்பேன்.