எட்டுச் சென்ரிமீற்றர் இறங்கிய மரக்குடில்

நோர்வேயின் குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் 2016இல் நாங்கள் கட்டுவித்த மரக்குடில் அது. 38 சதுர மீற்றர், ஓர் அறை, மேலே ஒரு பரண். கட்டி முடித்த அன்று தரையிலிருந்து சுவரின் மேல்மரம் வரை அளந்தேன்: 2.40 மீற்றர். போன கோடையில் அளந்தபோது 2.32. இப்படி ஆகும் என்று தச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

இங்கே இந்த வேலைக்கு ‘லாஃப்ட்’ என்று பெயர். முழுப் பைன் மரங்களைப் படுக்கையாக அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பூட்டுவார்கள். சுவரில் ஆணிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. இரு முனைக் கவராயம் ஒன்றால், கீழ்மரத்தின் மேடு, பள்ளம், முடிச்சு எல்லாவற்றையும் மேல்மரத்தில் அப்படியே கீறிக்கொள்கிறார்கள். பிறகு மேல்மரத்தின் அடிப்பக்கத்தை நீளவாக்கில் குடைந்து பாசியை அடைத்து இறக்கிவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அந்தக் கைவேலையை நான் ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் பனை வளைகளின் கீழ் வளர்ந்தவன் நான். பனைக்கு வைரம் வெளியில், உள்ளே சோறு. பைனுக்கு வைரம் நடுவில். புறக்காழ், அகக்காழ் என்று படித்தது இங்கேதான் எனக்கு விளங்கியது. மழை தாக்கும் அடிவரிசைக்கு வைரம் மிகுந்த முதிர்ந்த மரங்களைத் தச்சர் பொறுக்கி எடுத்தார். அந்த வரிசை இன்றும் கல்லாக நிற்கிறது.

காயும் மரம் நீளத்தில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதனால் சுவர் இறங்கும், நிமிர்ந்து நிற்கும் தூண் இறங்காது. பரணைத் தாங்கும் தூணின் அடியில் ஒரு திருகு ஜாக் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் அதைச் சிறிது தளர்த்துவேன். யன்னல்களின் மேலே, யன்னல் உயரத்து மரங்கள் மட்டும் இறங்கும் அளவுக்கு, வரைபடத்திலேயே ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, பலகையால் மறைத்திருந்தார்கள். அந்தப் பலகையை ஒரு பக்கத்தில் மட்டுமே பூட்டலாம்.

இரண்டாம் குளிர்காலத்துக்கு முன், திரைச்சீலை மாட்ட வந்தவர் பலகையை மேல்மரத்தோடும் யன்னல் சட்டத்தோடும் சேர்த்து முடுக்கிவிட்டார். மரம் இறங்க வழியின்றித் தொங்கியது. அதன் கீழே விரலளவு வெடிப்பு. ஜனவரியில் ஒரு காலை எழுந்தால் போர்வை மேல் பொடிப்பனி! நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் சுவர் ஒருமுறை முனகியது. சில வாரங்களில் வெடிப்பு தானாக மூடிக்கொண்டது.

கூரையில் புல்மண், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 250 கிலோ. அந்தப் பாரந்தான் மரங்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. ஆனால் சுவரும் கனத்த மரம் என்பதால், வெளியே மைனஸ் 15 என்றால் அடுப்பு மூட்டி அறை சூடேற நான்கு மணி நேரம் ஆகும். வெள்ளி இரவு வந்து ஞாயிறு திரும்புவோர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஒருமுறை சூடேறிவிட்டால் சுவர் அதை விடியும்வரை வைத்திருக்கும்.

வெயில் தின்னும் தெற்குச் சுவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பைன் தார் பூசுகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் கூடவே இருந்து கவனிக்க முடியாதவர்களுக்கு இந்த வீட்டை நான் சொல்லமாட்டேன். முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வீடு எனக்குத் தெரியாது. யன்னலுக்கு மேலே இன்னும் ஒரு விரல் இடைவெளி மிச்சமிருக்கிறது.